குதிகால் மரியாதை

பிச்சைமுத்து அந்த ஷூவை இரண்டாக மடித்துப் பார்த்தார். மடிந்தது. சுருட்டிப் பார்த்தார். சுருண்டது. கையை எடுத்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி மெதுவாக விரிந்துகொண்டது.

"இது ஷூவா, ஊத்தப்பமா?" என்றார்.

ஸ்பீக்கரில் மகள் இலக்கியா சிரித்தாள். திருச்சியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறாள். அப்பாவின் முழங்கால் வலிக்கு அவள்தான் அதைக் கொரியரில் அனுப்பியிருந்தாள். பேசிக்கொண்டிருந்தது அம்மா சம்பூர்ணத்தின் போனில்.

"அப்பா, அதுல குதிகாலுக்குக் கட்டையே கெடையாது. அடி மெல்லிசு, விரல் பக்கம் அகலம். மனுசன் இயற்கையா எப்புடி நடப்பானோ, அப்புடி நடக்க வைக்கும்."

"அப்ப இத்தன வருசமா நான் செயற்கையா நடந்தனா?"

"நீங்க எங்கப்பா நடக்குறீங்க? குதிகால ஓங்கி ஓங்கிக் குத்துறீங்க. ஒவ்வொரு குத்தும் நேரா முட்டிக்குத்தான் போவுது. பூமியத் திட்டிக்கிட்டே போற மாதிரி இருக்கு உங்க நடை."

அடுப்படியில் சம்பூர்ணம் களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்திருக்கக் கூடாது.

"என்னடி சிரிப்பு?"

"ஒண்ணுமில்லைங்க. புள்ள சரியாத்தான சொல்லுது."

"ஆத்தாளும் மவளும் சேந்து அம்பத்தேழு வயசுல எனக்கு நடக்கக் கத்துத் தரீங்களா?" என்றவர் கைக்கு அகப்பட்டதைத் தூக்கி வீசினார். அகப்பட்டது சம்பூர்ணத்தின் போன். அது கொல்லைக் கதவு வழியாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. தொட்டிக்குள்ளிருந்து இலக்கியா "அப்பா" என்று பாதி சொன்னாள், அதோடு சரி.

சம்பூர்ணம் தொட்டியை எட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, சத்தம் போடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி. இனிமே உங்க பாடு, அவங்க பாடு" என்றாள்.

"எவங்க பாடு?"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாள் இலக்கியா அவருடைய போனில் கூப்பிட்டு, அம்மாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுங்கள் என்று கெஞ்சியபோது, "போன் இல்லாம எங்க ஆத்தா குடும்பம் நடத்தல?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டார். அப்படிப்பட்ட மனுஷர்.

இந்த மனுஷருக்கு உலகத்தில் பெருமைப்பட ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மரியாதை.

அரியலூரிலிருந்து செந்துறை போகும் சாலையில் ஒரு லாரிக் கம்பெனியின் எடைமேடைக்கு அவர் சூப்பர்வைசர். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் மேடையில் ஏறி நிற்கும், உள்ளே கம்ப்யூட்டரில் எடை விழும், சீட்டு வாங்கிக்கொண்டு போகும். ஒட்டினாற்போல ஜல்லி உடைக்கும் கிரஷர். பக்கத்தில் நிற்பவன் பேசுவதே காதில் விழாத இரைச்சல். அங்கே கத்திக் கத்தித்தான் தன் தொண்டை இப்படி ஆகிவிட்டது என்பார். வீட்டில் ஏன் கத்துகிறார் என்பதற்கு அவரிடம் பதில் கிடையாது.

இருபத்தாறு வருஷமாக அவர் இன்ன நேரத்துக்கு வேலைக்கு வருவார் என்று ஒருவனும் சொல்ல முடியாது. ஒருநாள் ஏழு மணி, ஒருநாள் எட்டேகால். எப்போது வருவோம் என்று தெரிந்தால் பயம் விட்டுப் போகும் என்பது அவர் கொள்கை. ஆனாலும் அவர் வந்து நுழைகிற நேரத்தில் எல்லாம் கச்சிதமாக இருக்கும். கம்ப்யூட்டர் ஆபரேட்டர் கலைவாணன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பான். ரிஜிஸ்டர் திறந்திருக்கும். டிரைவர்கள் வரிசையாக நிற்பார்கள். ஒரு பயல் வாயைத் திறக்க மாட்டான்.

"எல்லாம் என் நடைதான்யா" என்பார், காரணம் கேட்டவர்களிடம். "லாடம் அடிச்ச பூட்ஸு. நான் கேட்டுல கால வெச்சா அங்க அவனுங்களுக்கு வயித்தக் கலக்கும்."

இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு. அந்த மரியாதை குலையாமல் கழுத்தில் மாலையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசை இல்லை.

அப்படியிருக்க, முட்டி காலை வாரியது. போன் தொட்டியில் விழுந்த மறுநாள் காலையிலேயே வாசல்படி இறங்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த ஊத்தப்பத்தை மாட்டினார். தரையிலிருக்கிற மணல்கூடப் பாதத்தில் தெரிந்தது. குதிகாலை ஓங்கிக் குத்தினால் உச்சந்தலை வரை வலித்தது. வேறு வழியில்லாமல் பாதத்தை மெல்ல வைத்து மெல்ல எடுத்தார். தன்னை ஒரு திருடனாக்கி விட்டார்கள் என்று பைக்கில் வழியெல்லாம் பொருமிக்கொண்டே போனார்.

கேட்டில் வாட்ச்மேன் அய்யம்பெருமாள் ஸ்டூலில் உட்கார்ந்து தன் பழைய பட்டன் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் பேயைக் கண்டவன் மாதிரி எழுந்தான்.

"சார்... வந்துட்டீங்களா?"

"வராம? செத்துப் போயிட்டன்னு நெனச்சியா?"

"இல்ல சார். வூட்டுல அம்மாவுக்கு உடம்பு ஒண்ணுமில்லையே?"

"என் பொண்டாட்டி உடம்பப் பத்தி உனக்கென்னய்யா அக்கறை?" என்று ஒரு முறை முறைத்துவிட்டு வண்டியை நிறுத்தி, எடைமேடை அறைக்கு நடந்தார்.

அறை வாசலில் அப்படியே நின்றார்.

உள்ளே கலைவாணன் ஒரு கையை இடுப்பில் வைத்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, தரையில் டம் டம்மென்று குதிகாலைக் குத்தி நடந்துகொண்டிருந்தான். "எவன்டா அவன், வண்டிய மேடை ஓரத்துல நிறுத்துனவன்? இது எடைமேடையா, ஒங்க மாமியா வூட்டுத் தொழுவமா?" என்று கத்தினான். பிச்சைமுத்துவே கத்தியிருந்தால்கூட அவ்வளவு பொருத்தமாக இருந்திருக்காது. ஐந்து டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஐந்தாவது டிரைவர்தான் முதலில் அவரைப் பார்த்தான். அவன் சிரிப்பு அப்படியே உறைந்தது. கலைவாணன் திரும்பினான்.

"சார்... வாங்க சார்."

"ஏன் நிறுத்திட்ட? இன்னும் ரெண்டு வசனம் பேசு. நல்லா இருந்துச்சு."

அதற்குப் பிறகு அவர் அரை மணி நேரம் பேசியது இங்கே அச்சில் ஏற்றக்கூடியது அல்ல.

சாயங்காலம் வீட்டில் அதே கூத்து. பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டு ஆறு மாதம் ஆகிறது. வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுத்தான் நடக்க வேண்டும். நடந்து வந்து கதவைத் தள்ளினால், அவருடைய சாய்வு நாற்காலியில், அவர் மட்டுமே உட்காரும் நாற்காலியில், எதிர்வீட்டுப் புவனேஸ்வரி காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் முறுக்குத் தட்டு. டி.வி. அலறிக்கொண்டிருந்தது.

"எப்புடிக்கா இந்த மனுசனோட முப்பது வருசம் ஓட்டுன?" என்று கேட்டாள் புவனேஸ்வரி.

"அது மழை மாதிரிடி" என்றாள் சம்பூர்ணம், முறுக்கை ஒடித்துக்கொண்டே. "காலையில ஒரு பாட்டம், சாயங்காலம் ஒரு பாட்டம். கொடைய விரிச்சுக்கிட்டு நின்னுட்டா தானா விட்டுரும்."

"ஓகோ. கொடையா?" என்றார் பிச்சைமுத்து, கதவிலிருந்து.

புவனேஸ்வரி எழுந்து ஓடினாள். அவசரத்தில் முறுக்குத் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சம்பூர்ணம் டி.வி.யை அணைத்துவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். போன் தொட்டியில் விழுந்த நாளிலிருந்து அவள் அவரிடம் தேவைக்குமேல் பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

அன்று இரவு பிச்சைமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தார். எல்லாம் இந்த ஷூவின் வேலை. சத்தம் போன இடத்தில் மரியாதையும் போய்விட்டது.

அடுத்த பத்து நாட்களில் அவர் பார்க்கக் கூடாததையெல்லாம் பார்த்தார். தன் டீ டம்ளரில் பீடித்துண்டு மிதப்பதைப் பார்த்தார். தன் மேஜையில் சீட்டுக்கட்டு விரிந்திருப்பதைப் பார்த்தார். கலைவாணன் போனில் யாரிடமோ, "பாய்லர் இன்னும் வரல மாப்ள, எப்ப வரும்னும் தெரியல" என்று சொல்வதைக் கேட்டார். பாய்லர் யார் என்று விசாரிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தினமும் கேட்டில் அய்யம்பெருமாள் வேறு, "அம்மா ஊருல இருக்காங்களா சார்?", "அம்மா சொகமா சார்?" என்று கேட்டு உயிரை வாங்கினான்.

டாக்டரிடம் போனார். டாக்டர் முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார்.

"வீக்கமே இல்லையே. என்ன பண்ணீங்க? ஆனா பிரஷர்தான் ஏறிக் கெடக்கு."

"ஷூதான் சார் காரணம்."

"முட்டிக்கா?"

"பிரஷருக்கு."

டாக்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு இரண்டு மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார்.

சத்தம்தானே வேண்டும் என்று பிச்சைமுத்து கேட்டிலிருந்தே இருமிக்கொண்டு போனார். கிரஷர் இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. இன்னும் பலமாக இருமினார். மூன்றாம் நாள் கலைவாணன் முகக்கவசம் போட்டுக்கொண்டு, "சார், நெஞ்சுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துருங்க, எங்களுக்கும் குடும்பம் இருக்கு" என்றான். வீட்டில் சம்பூர்ணம் ஒன்றும் கேட்காமலே நான்கு நாள் தொடர்ந்து மிளகு ரசம் வைத்தாள். அவருக்கு மிளகு ஆகாது. வயிறு எரிந்தது, வாயைத் திறந்து சொல்லவும் முடியவில்லை. வேண்டுமென்றே இருமினேன் என்று எப்படிச் சொல்வது?

பிறகு அரியலூர் பஸ் ஸ்டாண்டு ஓரமாகச் செருப்புத் தைப்பவரிடம் ஷூவை நீட்டினார்.

"குதிகால்ல லாடம் அடிங்க."

அவர் ஷூவை விரலால் அழுத்திப் பார்த்தார். "சார், இது வெறும் ரப்பர். ஆணி அடிச்சா அந்தப் பக்கம் உங்க கால்லதான் வந்து நிக்கும்."

"நான் கேட்டனா? அடிங்கன்னா அடிங்க."

"அடிக்க மாட்டேன் சார். என் பேருதான் கெட்டுப் போவும். வேணா பசை போட்டு ஒட்டித் தரேன். எம்மேல வருத்தப்படக் கூடாது."

ஒட்டிக்கொண்டு மறுநாள் போனார். கேட்டிலிருந்து டக் டக்கென்று அருமையாகச் சத்தம் வந்தது. மனசு குளிர்ந்து போயிற்று. கம்பீரமாக, இருபத்தாறு வருஷத்துப் பிச்சைமுத்துவாக, எடைமேடையின் இரும்புத் தகட்டில் கால் வைத்தார். இரும்பின் மேல் இரும்பு. இடது கால் செந்துறையைப் பார்த்துப் போயிற்று, வலது கால் அரியலூரைப் பார்த்துப் போயிற்று. மேடை நடுவில் மல்லாக்க விழுந்தார்.

உள்ளே கம்ப்யூட்டரில் எண்பது கிலோ என்று எடை விழுந்தது. திரையில் எண் நின்றால் கலைவாணனின் விரல் தானாகவே பட்டனை அழுத்திவிடும், அத்தனை வருஷத்துப் பழக்கம். சீட்டு வந்துவிட்டது. தேதி, நேரம், வண்டி எண் இல்லை, ஏற்றிய சரக்கு சுண்ணாம்புக்கல், எடை எண்பது கிலோ. மத்தியானத்துக்குள் அந்தச் சீட்டு ஆலத்தியூர் வரைக்கும் லாரியிலேயே போய் வந்துவிட்டது. போட்டோவாகப் போன ஊர்களுக்குக் கணக்கே இல்லை.

பிச்சைமுத்து அன்று யாரையும் திட்டவில்லை. திட்டுவதற்குக் கூடத் தெம்பில்லாத அளவுக்குக் கோபம். வீட்டுக்கு வந்து பரணில் கிடந்த பூட்ஸை எடுத்தார். தூசியைத் தட்டினார். லாடம் உறுதியாக இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தார்.

சம்பூர்ணம் நிலைப்படியில் நின்று பார்த்தாள். "முட்டி?" என்றாள்.

"போனாப் போவுது முட்டி. எனக்கு மரியாதைதான் முக்கியம்."

அவள் துடைப்பத்தை எடுத்து அவர் தட்டிய தூசியைப் பெருக்கினாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை கேட்டுக்குள் அவர் பூட்ஸோடு இறங்கிய வேகத்தில் அய்யம்பெருமாளின் ஸ்டூல் ஆடியது. டம். டம். டம். ஒவ்வொரு அடிக்கும் முட்டிக்குள் யாரோ ஊசியை இறக்கினார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது. விடவில்லை. ஓங்கி ஓங்கிக் குத்தினார். இப்போது அங்கே அவனவன் நாற்காலிக்கு ஓடுவான், சீட்டுக்கட்டு பைக்குள் போகும், கலைவாணன் முதுகை நிமிர்த்துவான் என்று ஒவ்வோர் அடிக்கும் நினைத்துக்கொண்டே நடந்தார்.

அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

கலைவாணன் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவருடைய மேஜையில் நான்கு டிரைவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். டம்ளரில் பீடித்துண்டு. சுவரில், சாமி படத்துக்குக் கீழே, எண்பது கிலோ சீட்டை ஒட்டி வைத்திருந்தார்கள்.

ஒருவனும் திரும்பவில்லை.

பிச்சைமுத்து வாசல்படியில் இன்னொரு முறை காலை ஓங்கிக் குத்தினார். ஒருவனும் திரும்பவில்லை. மூன்றாம் முறை குத்தியபோது முட்டி மடங்கிவிட்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஒரு டிரைவர், "எறக்குடா" என்று சீட்டைப் போட்டான்.

இருபத்தாறு வருஷத்தில் முதன்முறையாக அவருக்குக் கத்தத் தோன்றவில்லை. பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு விந்தி விந்திக் கேட்டுக்குத் திரும்பினார். அய்யம்பெருமாள் பதறிப்போய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"உக்காருங்க சார். தண்ணி கொண்டாரவா?"

"வேணாம்." பூட்ஸை அவன் முன்னால் வைத்தார். "அய்யம்பெருமாளு, உண்மையச் சொல்லு. இதுல சத்தம் வருதா, இல்லையா?"

"வருது சார். நல்லா வருது."

"அப்பறம் ஏன்யா ஒரு பயலும் எந்திரிக்க மாட்டேங்கிறான்? இதே பூட்ஸு, இதே நடை. இருவத்தாறு வருசமா நடுங்குனானுங்க. அந்தப் பாழாப்போன ஷூவப் போட்டதுலேருந்து எவனும் மதிக்க மாட்டேங்கிறான். என்னடா நடக்குது இங்க?"

அய்யம்பெருமாள் தலையைச் சொறிந்தான். கேட்டைப் பார்த்தான். கையிலிருந்த பட்டன் போனைப் பார்த்தான். ஓய்வு பெறப்போகிற மனுஷரிடம் இனி ஒளித்து என்ன என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ஷூவும் இல்ல, பூட்ஸும் இல்ல சார். இந்த இரைச்சல்ல லாரி ஹாரனே அவனுங்களுக்குக் கேக்காது. நீங்க வூட்ட விட்டுக் கெளம்புனதும் அம்மாதான் எனக்கு மிஸ்டு கால் குடுப்பாங்க, சும்மா வந்தீங்கன்னா ஒண்ணு, கோவமா வந்தீங்கன்னா ரெண்டு. நான் போயி பயலுவகிட்ட சொல்லிருவேன். சாயங்காலம் நீங்க கெளம்புனா, அதே மாதிரி நான் அம்மாவுக்குக் குடுப்பேன். போன் வந்த காலத்துலேருந்து இப்புடித்தான் சார் ஓடிக்கிட்டு இருந்துச்சு" என்றவன், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மாவுக்கு ஒரு போன் வாங்கிக் குடுத்துருங்க சார், நாங்க பழையபடி எந்திரிச்சு நின்னுக்கறோம்" என்றான்.